வெறும் வயிற்றோடு வரவும்

பக்கத்து வீட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்து தங்குகிறது. வெள்ளிக்கிழமை குவாதலஹாரா நகரத்திலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் பாட்டைச் சத்தமாகப் போட்டு ஏரிக்கரைக் கொக்கையெல்லாம் விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பைப் பையை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயரைக் கேட்டு மனசில் வைப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். என்னைப் பொறுத்தவரை அது ஆர்லீன் வீடு. வேறு யார் தங்கினாலும் அவர்கள் ஆர்லீன் வீட்டில் தங்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஆர்லீன் கனடாக்காரி. ரெஜைனா என்று ஓர் ஊர். வருஷத்தில் பாதி பனி என்பாள். கணவர் இறந்த வருஷம், ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகலாம் என்று எங்கள் அஹிஹிக்குக்கு வந்தவள் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டாள். இப்படி வந்து தங்கிவிட்ட வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அதில் பாதிப் பேர் எத்தனை வருஷம் இருந்தாலும் ஸ்பானிஷில் "நல்லா இருக்கீங்களா"வைத் தாண்ட மாட்டார்கள். இவள் அப்படியில்லை. வந்த முதல் மாதமே சோளமாவுக்குள் கறி வைத்துச் சோள மடலில் சுற்றி அவிக்கிற தமாலை நான் விற்கும் கடைக்கு முன்னால் நோட்டும் பேனாவுமாக வந்து நின்று, "இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்கு" என்று ஒவ்வொரு பானையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"இதுல பன்னி, அதுல கோழி, அந்தாண்டை மிளகாயும் சீஸும். உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவங்க வயித்துல ஒண்ணுமில்லை" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்.

அவளிடம் திருத்தவே முடியாத ஒரு குறை இருந்தது. "நாலு மணிக்கு வாங்க" என்றால் நாலு மணிக்கு வந்துவிடுவாள். எங்கள் ஊரில் விருந்து நாலு மணிக்கு என்றால், வீட்டுக்காரி நாலு மணிக்குத்தான் குளிக்கப் போவாள். தலையில் சோப்பு நுரையோடு எத்தனை தரம் அவளுக்குக் கதவைத் திறந்திருக்கிறேன்! கையில் ஒரு ஆப்பிள் பலகாரத்தோடு, சீவிய தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, கணக்காக நின்றுகொண்டிருப்பாள். பிறகு நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். ஊருக்கெல்லாம் நாலு மணி என்பேன், அவளிடம் ஆறு என்பேன். ஒரு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் மகளுக்குப் பெண் பிறந்தபோது ஞானத்தாயாக நிற்பதற்கு ஆர்லீனைத்தான் கேட்டேன். பாதிரியார், "அம்மா கத்தோலிக்கரா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நல்ல கிறிஸ்தவங்க, சாமி" என்றேன். பொய் இல்லையே. அன்றிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் கொமாத்ரே ஆனோம். எங்களுக்கு அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அதுவரை நீ, வா, போ என்று இருந்தவர்கள், கோயிலை விட்டு வெளியே வந்ததும் நீங்க, வாங்க, போங்க ஆகிவிட வேண்டும், அதுதான் முறை. சண்டை போட்டாலும் மரியாதையாகத்தான் போட முடியும். "நீங்க ஒரு பிடிவாதக் கழுதை, கொமாத்ரே" என்று சொல்லிப் பாருங்கள், அதன் ருசியே தனி.

ஒன்பதாவது வருஷத்தில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. வலது பக்க மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று குவாதலஹாராவில் டாக்டர் செபேடா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்றார். இவள் பார்க்கலாம், பார்க்கலாம் என்று மூன்று வருஷத்தை ஓட்டினாள். முதலில் ஏரிக்கரை நடை நின்றது. பிறகு புதன்கிழமைச் சந்தை நின்றது. கடைசியில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகவே நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். ஒருநாள் நான் திட்டிய திட்டில்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சம்மதித்தாள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை.

அதற்குத் துணையாக மகள் கொலீன் வந்து சேர்ந்தாள்.

கொலீன் வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு வாரம் வருவாள். வருவதே வீட்டைக் கழுவத்தான் போலிருக்கும். குளிர்பெட்டியைக் காலி செய்வாள், மருந்து டப்பாக்களைத் தேதி பார்த்து வீசுவாள், அம்மா பல் விளக்குகிற தண்ணீர் முதற்கொண்டு விசாரிப்பாள். என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தன் ஊர் பிஸ்கட்டைப் பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு வருவாள். நாற்பத்தாறு வயசு, உயரம், எப்போதும் எதையோ தேடுகிற கண். அவள் பேசுவது ஆங்கிலம். எனக்கு அது புரியாது என்று அவளுக்கு நினைப்பு. நான் எல்லை தாண்டிப் போய் ஃப்ரெஸ்னோவில் ஒன்பது வருஷம் ஓட்டல் பாத்திரம் கழுவியவள். என் வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். யாரோடு என்று கேட்காதீர்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆர்லீனும் காட்டிக்கொடுக்கவில்லை, அதில் அவளுக்கும் ஒரு கள்ளச் சிரிப்பு.

அந்தத் தடவை கொலீன் வந்து மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை பதினொரு மணிக்குள், நோயாளி சார்பாக நான்கு பேர் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். சமையலறை மேசையில் நான் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஆர்லீன் அதை மகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ரத்தத்த நாமளே கொண்டு போகணுமா?" என்றாள் கொலீன். "இது என்ன ஆஸ்பத்திரி? நாளைக்கு கத்தியும் நூலும் நாமதான் வாங்கிட்டுப் போகணும்பாங்களா?"

"இங்க அப்படித்தான் பழக்கம். நமக்கு ஏத்துற ரத்தத்துக்குப் பதில் ரத்தம். எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க."

"உனக்கு இங்க யாரும்மா இருக்கா குடுக்க? இந்தத் தமால்காரம்மாவா? உன்னால நாலு காசு கெடைக்குதுன்னு தினமும் வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது."

மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினேன். ஆர்லீனுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"வாயைக் கழுவு, கொலீன்."

"சரி. நான் நேரடியாச் சொல்றேன். வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தா நடக்கட்டும். நடக்கலைன்னா சனிக்கிழமை பிளேன்ல நீ என்கூட வர்றே. அங்க வரிசையில பேர் குடுத்துட்டு வீட்ல இருக்கலாம். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், சக்கர நாற்காலில உக்காந்திருந்தாலும் பத்திரமா இருப்பே. இந்த வீட்டைக் காலி பண்ணிடுவோம். இன்னொரு தடவை லீவு போட்டுட்டு வர என்னால முடியாது."

 ஆர்லீன் சரி என்று தலையாட்டினாள்.  என் ஆர்லீனுக்கு இருந்த பலமெல்லாம் எங்கே போயிற்று?

என் பக்கம் திரும்பி ஸ்பானிஷில், "கேட்டீங்கள்ல, கொமாத்ரே. நாலு பேர் வேணும்" என்றாள்.

"நாலு என்ன, நாப்பது பேர் கொண்டாறேன்" என்றேன்.

நாற்பது கிடைக்கவில்லை. ஆனால் தெருவில் இறங்கி ஏறுவதற்குள் ஐந்து பேர் கிடைத்தார்கள். கறிக்கடை செமா, வேன் ஓட்டுகிற நபோர், கொத்து வேலைக்காரர்களான அண்ணன் தம்பி இருவர், கோயில் மணி அடிக்கிறவர். செமாவுக்கு ஊசி என்றால் மயக்கம். "கொம்பு முளைச்ச காளையை வெட்டுறே, கொசுக்கடிக்குப் பயமா?" என்றேன். "காளைக்குத்தான குக்காக்கா வலிக்குது, எனக்கா வலிக்குது" என்றான், தெருவுக்கே குக்காக்காவான என்னிடம். இருந்தாலும் வருகிறேன் என்றான். அவன் மனைவி பிரசவத்தில் கிடந்தபோது பத்து நாள் ஆர்லீன்தான் அவன் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்.

அந்தச் சீட்டில் கடைசி வரியாக, "அடையாள அட்டையோடும் வெறும் வயிற்றோடும் வரவும்" என்று இருந்தது. நான் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: ஆபரேஷன் செய்துகொள்கிறவள் வெறும் வயிற்றோடு போவாள், அது நியாயம். இந்த ஐந்து ஆண்பிள்ளைகள் எதற்குப் பட்டினியாகப் போக வேண்டும்? உடம்பிலிருந்து ரத்தத்தை எடுக்கப் போகிறார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் எடுத்தால் ஆள் சுருண்டு விழ மாட்டானா? ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே சீட்டை எல்லாருக்கும் அச்சடித்து வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவனை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டால் முதலில் சோறு போட வேண்டும். பிணத்தைத் தூக்க வருகிறவனுக்கே காபியும் ரொட்டியும் கொடுக்கிறோம். உயிரைக் காப்பாற்ற வருகிறவனைப் பட்டினி போடுவேனா?

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நபோரின் வேனில் ஒரு பெரிய பானையோடு ஏறினேன். சிவப்பு மிளகாய்ச் சாந்தில் ஊறிய பன்றித் தமால், பன்றிக் கொழுப்பு தாராளமாகச் சேர்த்தது. கூடவே இலவங்கப்பட்டை போட்ட சோளக்கஞ்சி. விசேஷம் என்பதால் வழக்கத்தைவிட நன்றாகவே செய்திருந்தேன். பாதி வழிக்குள் பானை காலி. வேன் முழுக்கச் சோள மடல்.

கொலீன் முன்சீட்டில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்தவள். நான் ஒரு தமாலைத் தட்டில் வைத்து நீட்டினேன். வயிற்றின் மேல் கையை வைத்துத் தலையை ஆட்டினாள். முகமே வெளிறியிருந்தது. பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

"பாவம், பயத்துல வயிறு ஈயமாக் கனக்குது போல" என்றார் மணியடிக்கிறவர்.

"அவ பங்கையும் இப்படிக் குடு" என்றான் செமா.

ரத்த வங்கியில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அட்டைகளை வாங்கிக்கொண்டு, முதல் ஆளாக நின்ற நபோரைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"இப்பத்தான், ஒரு மணி நேரம் முன்னாடி" என்றான், நல்ல பிள்ளையாக.

"என்ன சாப்பிட்டீங்க?"

"மூணு தமால்."

"நான் நாலு" என்றான் பின்னாலிருந்து செமா.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏழு" என்றார்கள் அண்ணன் தம்பி.

மணியடிக்கிறவர் மட்டும் அடக்கமாக, "எனக்குச் சர்க்கரை உண்டும்மா, அதனால ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்" என்றார்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "பன்னிக் கொழுப்பா?"

"இல்லாம? குக்காக்கா கைப்பக்குவம்" என்றான் நபோர் பெருமையாக.

"சார், வெறும் வயித்தோடதான் வரணும்னு போட்டிருக்கோமே. கொழுப்பு சாப்பிட்டா ரத்தம் பால் மாதிரி கலங்கிடும், உபயோகப்படாது. இன்னிக்கு உங்க யார்கிட்டயும் எடுக்க முடியாது."

ஐந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.  சுவரில் கடிகாரம் எட்டரை. பதினொரு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அஹிஹிக்குக்குப் போய் வேறு ஆளைப் பிடித்து வருவதற்கு நேரம் இல்லை. அந்த நேரத்துக்குள் எங்கள் ஊரில் எவன் சாப்பிடாமல் இருப்பான்? டாக்டருக்கு அடுத்த இடம் பத்து நாள் கழித்துத்தான். சனிக்கிழமை விமானம். யாரை வைத்துக்கொள்ள வேண்டுமென்று தெருவெல்லாம் ஓடினேனோ, அவளை என் கையாலேயே, மிளகாய்ச் சாந்து தடவி, மடலில் சுற்றி அனுப்பிவைக்கப் போகிறேன். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

"அக்கா, அழாதீங்க, தமால் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் செமா. முட்டாள்.

கொலீனுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருந்தது. சன்னலுக்குப் போய்த் தன் பாஸ்போர்ட்டை வைத்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, விரலால் இல்லை என்று ஆட்டினாள். முந்தின நாள் மதியத்திலிருந்து பயத்தில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

"மகளா?" என்றாள் அந்தப் பெண் என்னிடம். "சரி, ஒண்ணு ஆச்சு. குறைஞ்சது ரெண்டு பேராவது இன்னிக்கே வேணும். மீதிய வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும், நான் மேலே பேசிக்கறேன். இன்னும் ஒரு ஆள்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையிலிருந்து பிசைந்தேன், கட்டினேன், வேகவைத்தேன், பரிமாறினேன். சமைக்கிறவளுக்கு எப்போது பசித்தது? உப்பு பார்க்க நாக்கில் தொட்டதைத் தவிர நான் ஒரு பருக்கை உள்ளே தள்ளவில்லை. எழுந்து அட்டையை நீட்டினேன். நபோர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அடிப்பாவி, அறுபத்தொண்ணா! ஊருக்கெல்லாம் அம்பத்தாறுன்னு சொல்லிட்டுத் திரியறே!"

"வாயை மூடுடா. அறுபத்தஞ்சு வரைக்கும் எடுப்பாங்களாம்" என்றேன்.

என்னையும் கொலீனையும் பக்கத்துப் பக்கத்துச் சாய்வு நாற்காலிகளில் படுக்க வைத்தார்கள். அவள் கையில் ஒரு குழாய், என் கையில் ஒரு குழாய். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கையை மூடி மூடித் திற. சீக்கிரம் முடியும்" என்றேன் ஆங்கிலத்தில்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஃப்ரெஸ்னோவுல ஒம்பது வருஷம்."

ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவது முகத்தில் தெரிந்தது. தமால்காரம்மா, நாலு காசு, ஒட்டிக்கிட்டு நிக்குது. கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டாள்.

"ஐயோ. என்ன மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க மாட்டேன். ஆனா மறந்துடுவேன்" என்றேன். சிரித்தாள். முதல் தடவை. சிரித்தால் அம்மா ஜாடை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவள்தான் கேட்டாள்: "எங்கிட்ட ஏன் வர மாட்டேங்கறாங்க? ஆறு வருஷமா எங்க வீட்டு வாசல்படிய மிதிக்கல. கேட்டா குளிர்ங்கறாங்க. அந்தக் குளிர்ல பொறந்து வளந்தவங்கதான. நான் என்ன செஞ்சேன்?"

அந்தக் காரணம் எனக்குத் தெரியும். ஆர்லீன் ஒருநாள் அழுதுகொண்டே சொல்லி, "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, கொமாத்ரே" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு, ரத்தம் இறங்க இறங்க, நான் வாயைத் திறந்தேன்.

"கடைசியா அங்க வந்தப்போ பனியில வழுக்கி விழுந்தாங்கள்ல. ரெண்டு மாசம் நீதான குளிப்பாட்டி, தூக்கி உக்கார வெச்சே. ஒருநாள் போன்ல யார்கிட்டயோ, என்னால இனிமே முடியாது, நான் செத்துருவேன்னு அழுதிருக்கே. கதவு தொறந்திருந்துச்சு. உங்கம்மா கேட்டுட்டாங்க. தூக்கிச் சுமக்கற மாதிரி இனிமே மக வீட்டுக்குப் போக மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க. குளிரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

 நர்ஸ் வந்து பையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"சொன்னேன்தான்" என்றாள் கொலீன். "ஒரே ஒரு நாள் சொன்னேன். களைச்சுப் போயிருந்தேன். மறுநாள் எந்திரிச்சு மறுபடியும் குளிப்பாட்டினேனே. அத எண்ண மாட்டாங்களா?"

"அம்மாக்காரிங்க கணக்கு அப்படித்தான். நானும் அப்படித்தான்" என்றேன்.

ஆபரேஷன் வியாழக்கிழமை நடந்தது. நன்றாக நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அறையில் அதற்கென்று ஒரு சோபா கிடக்கும். கொலீன் ஐந்து நாள் அந்தச் சோபாவை விட்டு நகரவில்லை. விமானத்தைத் தள்ளிப்போட்டாள். வெள்ளிக்கிழமை செமாவும் நபோரும் உண்மையாகவே பட்டினியோடு வந்து, முறைத்துக்கொண்டே ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். செமா மயங்கி விழுந்தான். நான் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் தாயும் மகளும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் நிறுத்துவார்கள். கொலீன் என் கையிலிருந்து தூக்கை வாங்கி, நின்றபடியே இரண்டு தமாலைத் தின்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாலு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். ஆர்லீன் முதலில் நடைச்சட்டத்தோடு, பிறகு கோலோடு, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தினமும் சாயங்காலம் ஏரிக்கரைப் பாதையில் கடைசிப் படகுத்துறை வரை போவோம். அவள் ஒவ்வொரு விளக்குக் கம்பமாக எண்ணுவாள். நேற்றைக்கு ஒன்பது, இன்றைக்குப் பத்து. போகிற வழியில் தேங்காய் ஐஸ் வாங்கிக்கொள்வோம். யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சண்டை, ஒன்றையும் விடமாட்டோம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்தோம். மழைக்காலம் தொடங்குகிற சமயம், மலைப்பக்கம் இடி உருளும். "இன்னும் ஒரு கம்பம், கொமாத்ரே" என்பாள். நனைந்துகொண்டே திரும்புவோம்.

ஜூன் கடைசியில் ஒருநாள், ஐஸ் கையில் உருகிக்கொண்டிருக்க, "நான் ரெஜைனாவுக்குப் போறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஐஸைத் தண்ணீரில் வீசிவிட்டு அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அறுபத்தொரு வயதில் செய்கிற காரியமா? செய்தேன்.

மூன்று வாரம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பெட்டி கட்டுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். என் மகள் போய் உதவி செய்தாள். கிளம்புகிற நாள் காலை, கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டும் நான் அடுப்படியை விட்டு அசையவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாக வருகிறவளின் தட்டல். நான்தான் நேரமே சொல்லவில்லை. ஆர்லீன் நின்றாள். கோல் இல்லை.

"உக்காருங்க" என்றேன் முகத்தைப் பார்க்காமல். உட்கார்ந்தாள்.

"கோவமா இருக்கீங்க."

"இல்ல, பாட்டுப் பாடிட்டு இருக்கேன். கேக்கலையா?"

"கொலீன் எல்லாத்தயும் சொல்லிட்டா. நீங்க அவகிட்ட சொன்னத."

"சத்தியத்த மீறினேன். என் நாக்க அறுத்து நாய்க்குப் போடணும். அன்னிக்குக் கம்முனு படுத்திருந்தா நீங்க இன்னிக்கு இங்க இருந்திருப்பீங்க."

"இருந்திருப்பேன்" என்றாள். "சாகற வரைக்கும் இருந்திருப்பேன். என் பொண்ணு என்ன வெறுத்துட்டான்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன். கொமாத்ரே, சுமையாப் போகக் கூடாதுன்னுதான் போகாம இருந்தேன். இப்போ என்னால நடக்க முடியுது. பேத்திய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாம். மாடி ஏறலாம். போகணும்னு ஆசையா இருக்கு. அத உங்ககிட்ட மறைக்க முடியல."

"எங்களோட இருக்க ஆசையில்லையா?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆசை இரண்டு இடத்திலும் இருக்கும்போது கால் ஒரு இடத்துக்குத்தானே போகும். அது எனக்குத் தெரியாதா? ஃப்ரெஸ்னோவில் கழுவிய ஒவ்வொரு தட்டிலும் நான் இந்த ஏரியைப் பார்த்தவள். என்னைப் பெற்றவள் இங்கே கண்ணை மூடியபோது நான் அங்கே கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, நியாயம் இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன். எங்கள் தெரு செங்குத்து, உருண்டைக் கல் பாவியது. மழையில் கல்லெல்லாம் வழுக்கிக் கிடந்தது. கீழே கார் பக்கத்தில் கொலீனும் செமாவும் நபோரும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டடி வைத்தாள். நின்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்துவிட்டாள்.

"விடுங்க, கொமாத்ரே. நான் நடந்துடுவேன்."

நடந்தாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தடுமாறட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். கார் ஏரிக்கரைச் சாலையில் திரும்பி மறையும்வரை என் கை அவள் முழங்கை இருந்த உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நபோர் மேலே ஏறி வந்து அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான்.